ஊர்க் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏற்ற கேமரா: கட்டுப்படியாகும் செலவில் தேர்வு செய்வது எப்படி?

உள்ளூர்ப் போட்டிகளைப் படம்பிடிக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த ஆட்டத்தை எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான். கபடிக் களத்தின் ஓரத்தில் நின்று எடுப்பவருக்குக் கையிலிருக்கும் கைப்பேசியே போதுமானதாக இருக்கும்போது, அதே கைப்பேசியை எல்லைக்கோட்டுக்கு அப்பால் வைத்து டென்னிஸ் பந்து கிரிக்கெட்டை எடுத்தால் மட்டை வீசுபவர் எறும்பாகத்தான் தெரிவார். விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குபவர்கள் பெரும்பாலும் தேவையற்ற ஒன்றுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, தேவையான ஸ்டாண்டுக்கும் பேட்டரிக்கும் கையைப் பிசைகிறார்கள்.

தூரத்துக்கேற்ற லென்ஸைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. கேமராவிலிருந்து ஆட்டக்காரர் நிற்கும் இடம் வரை உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை 36 ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், படத்தின் அகலத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது தெரிந்துவிடும். குவியத் தூரம் என்று இங்கே சொல்வது, 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமானது என்று கேமரா விவரத்தாளில் தனியாகக் குறிப்பிடப்படும் எண்ணை. லென்ஸின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும்.

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் 8 மீட்டர் தள்ளி நின்றால் 24 மி.மீ. லென்ஸில் 12 மீட்டர்தான் அடங்கும்; இரு முனைகளிலும் கடைசிக் கோடு வெட்டுப்பட்டுவிடும். 10 மீட்டர் தள்ளிப் போனால் 15 மீட்டர் அடங்குவதால், ஆட்டம் முழுவதும் கேமராவைத் திருப்பவே வேண்டியதில்லை. வாலிபால் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. ஒரு முனையில் கடைசிக் கோட்டுக்கு 7 மீட்டர் பின்னால், உயரத்தில் வைத்தால் இதே கைப்பேசி போதும். கிரிக்கெட்டோ வேறு கதை. பந்து வீசுபவரின் பின்புறம் எல்லைக்கோடு 60 மீட்டரில் இருக்கிறது என்றால், மட்டையாளர் மேலும் 20 மீட்டர் தள்ளி, அதாவது 80 மீட்டரில் நிற்கிறார். அவரைச் சுற்றி 6 மீட்டர் அகலம் மட்டும் தெரிய வேண்டுமானால் 480 மி.மீ. லென்ஸ் வேண்டும். கால்பந்து இரண்டுக்கும் இடைப்பட்டது. நடுக்கோட்டருகே உயரத்தில் நின்று, மிதமான ஜூமுடன், பந்தின் போக்குக்கேற்ப மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கபடி, வாலிபால் எடுப்பவர்கள் புதிய கேமராவைப் பற்றி யோசிக்கும் முன், இருக்கும் கைப்பேசியை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்ப்பதே புத்திசாலித்தனம். இரண்டாவது, மூன்றாவது லென்ஸ்களை மறந்துவிட்டு முதன்மைக் கேமராவையே பயன்படுத்த வேண்டும். மலிவான கைப்பேசிகளில் அகலக்கோண லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) இரவு வெளிச்சத்தில் கலங்கிப்போகும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போனாலே படம் முழுவதும் இருண்டு மீளும். ஓபன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா ஆகிய இரண்டு செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. கைப்பேசி இடம் கொடுத்தால் ஷட்டர் வேகத்தையும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தையும், அவற்றில் நாமே குறித்துவிடலாம். அழைப்பு வந்து பதிவு நின்றுபோகாமல் இருக்க விமானப் பயன்முறையை இயக்கிவிடுவது நல்லது.

இரவு ஆட்டமும் ஃபோகஸ் லைட்டும்

நம் ஊர்க் கபடிப் போட்டிகள் பெரும்பாலும் இரவில்தான் நடக்கின்றன என்பதால், கேமராவின் திறமை சோதிக்கப்படுவது அங்கேதான். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், மலிவான ஃபோகஸ் லைட்டுகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு இது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் 1/100 வினாடியாக இருந்தால் வீடியோவின் ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் (ஃபிரேம்) ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும், 1/50 ஆக இருந்தால் இரண்டு அடங்கும். 1/125, 1/250 என்று வைத்தால் துடிப்பின் ஒரு பகுதி மட்டுமே பதிவாகி, திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் கைப்பேசியை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைச் சில வினாடிகள் எடுத்துப் பார்த்தால், அது துடிக்கும் விளக்கா, சீராக எரியும் விளக்கா என்பது புரிந்துவிடும். ஜெனரேட்டரில் ஓடும் விளக்குகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு: ஒலிபெருக்கியும் விளக்குகளும் சேர்ந்து சுமை ஏறும்போது ஜெனரேட்டரின் வேகம் குறைவதால் ஹெர்ட்ஸும் 50இலிருந்து நழுவும். அப்போது 1/100இலும் மெல்லிய பட்டை தெரியக்கூடும்; 1/50க்கு இறங்கினால் அது மங்கும்.

அப்படியானால் எப்போதும் 1/50இலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றலாம். கபடியில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பாடிச் செல்பவர் ஒரு காலை போனஸ் கோட்டுக்கு அப்பால் வைக்கும் அதே நேரத்தில் பின்கால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும், எதிரணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் போனஸ் புள்ளி. கால் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 1/50 வினாடிக்குள் அது 10 செ.மீ. நகர்ந்துவிடும், கோட்டின் அகலமே 5 செ.மீ.க்கு மேல் இருக்காது. 1/100இல் அந்தக் கலங்கல் பாதியாகக் குறைந்து, கட்டைவிரல் கோட்டைத் தாண்டியதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. எனவே பட்டை தெரியாதவரை 1/100ஐ விட்டுக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பகல் வெளிச்சத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 1/500 வரைகூடத் தாராளமாகப் போகலாம்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கேமராக்களில் சில வினாடிக்கு 30, 60 சட்டங்களில் மட்டுமே பதிவு செய்யும். ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற வழியிருந்தால் அவற்றிலும் 1/100 வைத்துச் சமாளித்துவிடலாம். தானியங்கியாக மட்டுமே இயங்கும் வகையாக இருந்தால், பட்டைகளைத் தவிர்க்க வழியிருக்காது என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இரவு ஆட்டத்துக்கு அது உதவாது. 25, 50 சட்டங்கள் உள்ள கேமராவே நமக்கு ஏற்றது.

நீண்ட ஜூம் தேவைப்படும்போது

கிரிக்கெட்டுக்கென்று வாங்கும்போது முன்னால் நிற்பவை மூன்று வகைகள்: ஹேண்டிகேம், லென்ஸ் கழற்ற முடியாத நீள்ஜூம் கேமரா, லென்ஸ் மாற்றக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். ஹேண்டிகேமின் பலம் அதன் ஜூமும் நீண்ட நேரப் பதிவும். சோனி எச்.டி.ஆர்.-சி.எக்ஸ்.405 போன்ற சிறிய ஹேண்டிகேமிலேயே 30 மடங்கு ஜூம், அதாவது 26.8 முதல் 804 மி.மீ. வரை கிடைக்கிறது, பகல் ஆட்டத்துக்கு அது தாராளம். ஆனால் அதன் சென்சார் 1/5.8 அங்குல வகை, அதாவது மிகச் சிறியது என்பதால் விளக்கு வெளிச்சத்தில் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறிவிடும்.

பகலும் இரவும் மாறி மாறி எடுப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பழைய நீள்ஜூம் கேமராக்களைத்தான். பானாசோனிக் எஃப்.இசட்.300 கேமரா 25 முதல் 600 மி.மீ. வரை எட்டுவதோடு, முழு ஜூமிலும் எஃப் 2.8 துவாரத்தை (ஒளி நுழையும் வாய்; எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம்) தக்கவைத்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் எஃப்.இசட்.1000, 400 மி.மீ.யோடு நின்றுவிட்டாலும் ஒரு அங்குல வகைச் சென்சார் கொண்டது. அதன் பரப்பு எஃப்.இசட்.300இல் உள்ள 1/2.3 அங்குலச் சென்சாரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மைதானம் சிறியதாக இருந்து, இரவு ஆட்டங்களே அதிகம் என்றால் எஃப்.இசட்.1000ஐயும், பெரிய மைதானத்தில் பகல் ஆட்டம் என்றால் எஃப்.இசட்.300ஐயும் தேடலாம். இரண்டிலும் வெளி மைக் செருகும் துளை உண்டு.

டி.எஸ்.எல்.ஆர். பற்றிப் பலர் கனவு காண்கிறார்கள். திருமண ஸ்டுடியோக்கள் மிரர்லெஸ் எனப்படும், உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்கு மாறிக்கொண்டிருப்பதால் லென்ஸ் நீங்கலான பழைய கேமரா உடல்கள் மலிவாகக் கைமாறுவதும் உண்மைதான். ஆனால் செலவு லென்ஸில் காத்திருக்கிறது. கேனனின் 55–250 மி.மீ. லென்ஸ், அந்நிறுவனத்தின் சிறிய சென்சார் உடல்களில் 400 மி.மீ.க்குச் சமமாகும் என்றாலும் கடைசி முனையில் துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது, எஃப் 2.8உடன் ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் கால்பங்குதான். மேலும் இத்தகைய கேமராக்களில் பல, தொடர்ந்து 29 நிமிடம் 59 வினாடிகளுக்கு மேல் பதிவு செய்யாமல் நின்றுவிடும். 20 நிமிடக் கபடிப் பாதிக்கு அது போதும். ஓவருக்கு ஓவர் கவனித்துக்கொண்டிருக்க முடியாத கிரிக்கெட்டில் விக்கெட் விழும் நேரத்தில் அது கழுத்தறுக்கும்.

ஆக்ஷன் கேமரா எனப்படும் சின்னப் பெட்டிகளை முதன்மைக் கேமராவாக வாங்க வேண்டாம். வாலிபால் வலைக் கம்பத்தில் கட்டவும், போனஸ் கோட்டுக்கு நேராகத் தரையருகே வைக்கவும் அவை நன்றாக உதவும். அந்த வேலையை இரண்டாவது கைப்பேசி ஒன்றும் செய்துவிடும். கபடியைப் பொறுத்தவரை, ஒரு விலையுயர்ந்த கேமராவைவிட உயரத்தில் ஒன்றும் கோட்டருகே ஒன்றுமாக இரண்டு சாதாரணக் கைப்பேசிகள் அதிகப் பயன் தரும்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது. 400 மி.மீ. ஜூமில் காற்று சற்று வீசினாலே படம் நடுங்கும். மெல்லிய அலுமினியக் குழாய்க் கால்களும் பிளாஸ்டிக் தலையும் கொண்ட முக்காலி அதைத் தாங்காது. எண்ணெய்த் தடுப்புடன் வழுக்கித் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட், நீளமான கைப்பிடி, நடுத்தண்டின் கீழே பையைத் தொங்கவிடக் கொக்கி ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். கொக்கியில் இரண்டு செங்கல் போட்ட பையைத் தொங்கவிட்டால் பாதி நடுக்கம் அடங்கிவிடும். உயரம் இன்னொரு முக்கியமான விஷயம்: பள்ளிக்கூட மாடி, டிராக்டர் டிரெய்லர், பார்வையாளர் படிக்கட்டு என்று ஏதாவது ஒன்றில் ஏறி, முன்வரிசையில் எழுந்து நிற்பவர்களின் தலைக்கு மேலே கேமரா இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இது காசு செலவில்லாத மேம்பாடு. விழாக் குழுவிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் இடமும் கிடைக்கும்.

மெமரி கார்டு விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் வேகத்தைவிட உண்மைத்தன்மைதான் முக்கியம். வினாடிக்கு 50 மெகாபிட் வீதத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 22.5 ஜி.பி. ஆகும், வினாடிக்கு 6.25 மெகாபைட் மட்டுமே எழுதப்படுவதால் வி10 குறியுள்ள (வினாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதக்கூடிய) கார்டே போதும். ஆனால் 128 ஜி.பி. என்று அச்சிட்ட போலிக் கார்டுகளுக்குள் அவ்வளவு இடம் உண்மையில் இருக்காது. வாங்கியவுடன் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட வேண்டும். பேட்டரி கேமராவோடு வருவது ஒன்றுக்கு மேல் இன்னும் குறைந்தது இரண்டு வேண்டும். ஜெனரேட்டர் இணைப்பில் நேரடியாகச் செருகுவதைவிட பவர் பேங்க் பாதுகாப்பானது.

ஒலிக்கு ஆறு மீட்டர் கம்பியுடன் வரும் காலர் மைக் ஒன்று போதும். களத்தின் ஓரத்தில் கம்பத்தில் கட்டிவிட்டால் பாடும் சத்தமும் நடுவரின் விசிலும் கேட்கும். வர்ணனையாளரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராகக் கேமராவின் மைக் துளைக்குக் கம்பி இழுக்க வேண்டாம். அந்த மின்குறிப்பு மிக வலுவானது என்பதால் ஒலி உடைந்து கரகரக்கும். ஒலிப்பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு சேர்த்துக்கொள்வதே எளிது.

பழைய கேமரா வாங்குபவர்கள் கடையிலேயே சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். லென்ஸுக்குள் கைப்பேசி டார்ச்சை அடித்து, சிலந்தி வலைபோல் படர்ந்த பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் இருந்த கேமராக்களில் இது சகஜம், துடைத்தும் போகாது. ஜூமை முழுவதுமாக உள்ளும் வெளியும் ஓட்டி, நடுவில் திக்குகிறதா என்று கேட்க வேண்டும். பேட்டரி வீங்கியிருக்கிறதா, அடியில் முக்காலித் திருகு தேயாமல் இருக்கிறதா, மைக் துளை ஆடுகிறதா என்பவற்றோடு, இருபது நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்து சூட்டில் அணைந்துவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கேசட் போடும் பழைய ஹேண்டிகேமை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் காட்சிகளைக் கணினிக்குள் கொண்டுவரும் பாடு தனி.

பிற்காலத்தில் யூடியூபில் நேரலை செய்யும் எண்ணம் இருந்தால், எச்.டி.எம்.ஐ. வழியே எழுத்துகளும் குறிகளும் இல்லாத சுத்தமான படம் வெளியே வருகிறதா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கேமராக்கள் பலவற்றில் பேட்டரி அளவும் ஃபோகஸ் கட்டமும் அப்படியே திரையில் வந்துவிடும், அதை மாற்ற எந்த வழியும் இருக்காது. எனவே எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலுள்ள தொலைக்காட்சியில் கேமராவைச் செருகிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.