அரசியல் முத்திரைகள்: நாம் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

ஒருவர் தன்னை இடதுசாரி என்றோ வலதுசாரி என்றோ சொன்னதும் வரி, மதம், காவல்துறை, சுற்றுச்சூழல், குடியேற்றம் என எல்லாவற்றிலும் அவர் என்ன நினைப்பார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் சபைத் தலைவருக்கு வலப்புறமும், அதைக் குறைக்க விரும்பியவர்கள் இடப்புறமும் உட்கார்ந்தார்கள். மன்னருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற சண்டையில் பிறந்த இருக்கை ஏற்பாடு அது. அந்த இரண்டு பெயர்களை வைத்து இன்றைய நூறு கேள்விகளுக்கும் விடை சொல்ல முயல்கிறோம்.

வரலாறு இந்தப் பெயர்களுக்குள் அடங்குவதில்லை. ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க் பழமைவாதி. சோசலிஸ்ட் அமைப்புகளை 1878இல் சட்டம் போட்டு ஒடுக்கியவர். ஆனால் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு 1883இலும், முதியோர் ஓய்வூதியம் 1889இலும் சட்டமானது அவர் ஆட்சியில்தான். தொழிலாளர்கள் சோசலிஸ்டுகள் பக்கம் போய்விடக்கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. சரி, இருக்கட்டும். அந்தக் காப்பீடு மக்களுக்கு உதவியதா என்று அறிய, காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். நாட்டுக்கு நாடும் முத்திரை மாறுகிறது: அமெரிக்காவில் லிபரல் என்றால் இடதுசாரிப் பக்கம், ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சியோ வலதுசாரிப் பக்கம்.

திட்டத்தைப் படிக்காமல், யார் கொண்டுவந்தது என்று பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. 'நான் அப்படி இல்லை' என்று எல்லோரும் சொல்வோம். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்க்கிறது. ஏழைகளுக்கான நலத்திட்டங்களை அவர் மாணவர்களிடம் கொடுத்தார். ஒன்று தாராளமான உதவி தருவது, இன்னொன்று மிகக் கறாரானது. கட்சிப் பெயர் இல்லாதபோது அவரவர் கொள்கைக்கு ஏற்பவே தேர்ந்தெடுத்தார்கள். 'உங்கள் கட்சி இதை ஆதரிக்கிறது' என்ற தகவலைச் சேர்த்ததும் நிலைமை தலைகீழானது. தாராளவாத (லிபரல்) மாணவர்கள் கறாரான திட்டத்தையும், பழமைவாத மாணவர்கள் தாராளமான திட்டத்தையும் ஆதரித்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்ததுதான். கேட்டபோது, திட்டத்தின் உள்ளடக்கத்தை வைத்தே முடிவெடுத்ததாக அவர்கள் நம்பினார்கள். மற்றவர்கள்தான் கட்சிக்காக மாறுவார்கள் என்றும் நினைத்தார்கள்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சட்ட முன்வரைவைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன், அதை எதிர்த்தரப்பு கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால், தலைவர்கள் பேசியதைக் கேட்பதற்கு முன்பே முன்வரைவைப் படித்துவிடுங்கள். வரிசை மாறினால் முடிவும் மாறக்கூடும்.

'படித்தவர்கள் இதில் சிக்கமாட்டார்கள்' என்று நினைப்பதும் தவறே. டான் கஹான் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் ஒரே எண்களை இரண்டு வேஷத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் களிம்பு பற்றிய தகவலாகக் கொடுத்தபோது கணக்கில் தேர்ந்தவர்கள் நன்றாகவே விடை கண்டுபிடித்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய தகவலாக மாற்றியதும், தங்கள் தரப்புக்குப் பிடிக்காத விடை வரும் இடத்தில் பலர் தடுமாறினார்கள். அமெரிக்காவின் இரு பெரிய கட்சியினருக்கும் இடையிலான வித்தியாசம் மிக அதிகமாக இருந்தது கணக்குத் திறன் கூடியவர்களிடம்தான். கூர்மையான அறிவு தன் தரப்பைக் காப்பாற்றும் வேலையையும் கூர்மையாகச் செய்கிறது.

எதிராளியின் வாதத்துக்குப் பதில் சொல்லாமல், 'நீ இன்ன கூட்டத்து ஆள்' என்று முத்திரை குத்தி முடித்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் யாராக இருந்தாலும் அவர் சொன்ன தகவல் சரியா என்ற கேள்வி அங்கேயேதான் நிற்கிறது.

நடுவில் நிற்பதையே சுயசிந்தனை என்று எடுத்துக்கொள்வது பலர் கவனிக்காத தவறு. இரண்டு தரப்பும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து நடுவும் நகரும். ஒரு தரப்பு பச்சைப்பொய் சொன்னால், உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் போய் நிற்பது நியாயமாகாது. எல்லோரும் சொல்வதை எதிர்ப்பதே பழக்கமானவரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். தீர யோசித்த பிறகு, ஒரு விஷயத்தில் ஒரு கட்சியோடு முழுக்க ஒத்துப்போவதும் சுயமான முடிவுதான்.

அதனால் கட்சியில் இருப்பதே அடிமைத்தனம் என்று நினைக்கவும் வேண்டாம். பலர் ஒன்றுசேராமல் சட்டங்கள் மாறுவதில்லை, அதற்குக் கட்சி வேண்டும். ஆனால் உங்கள் கட்சி எடுத்த எந்த முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்று யாராவது கேட்டால், ஒன்றையாவது காரணத்தோடு சொல்ல முடிகிறதா? எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், கட்சி கடைசியாக எடுத்த சில முடிவுகளைத் தலைவர் பெயரை மறைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் படிக்கத் தொடங்கலாம்.