விகிதக் கணக்கா, நிகழ்தகவா? முதலில் மொத்தத்தைப் பிடியுங்கள்

இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் 4:1. அப்படியானால் உளுந்து மொத்தத்தில் எத்தனை பங்கு? பெரும்பாலும் சட்டென்று வரும் பதில் கால் பங்கு. தப்பு. அரிசியோடு ஒப்பிட்டால்தான் அது கால். மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. விகிதத்தில் மொத்தம் எழுதப்பட்டிருக்காது, நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படி 1: பங்குகளைக் கூட்டுங்கள். 4 + 1 = 5.

படி 2: ஒரு பங்கின் அளவைக் கண்டுபிடியுங்கள். மொத்தம் 10 டம்ளர் என்றால் 10 ÷ 5 = 2. அரிசி 8, உளுந்து 2.

மொத்தத்தைச் சொல்லாமல், “அரிசி உளுந்தைவிட 6 டம்ளர் அதிகம்” என்றும் கேட்பார்கள். அப்போது கூட்டாதீர்கள், கழியுங்கள். 4 − 1 = 3 பங்குதான் அந்த 6 டம்ளர். ஒரு பங்கு 2. விடை அதேதான்.

படி 3: நிகழ்தகவுக்கும் இதே மொத்தம்தான் கீழே வரும். ஒரு பையில் சிவப்புப் பந்துகளும் நீலப் பந்துகளும் 3:2. கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அது சிவப்பாக இருக்க நிகழ்தகவு 3/5. எத்தனை பந்து என்று தெரியவே வேண்டாம். 3/2 என்று எழுதியிருந்தால் உடனே அடித்துவிடுங்கள். நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது.

படி 4: மொத்தத்தை எண்ணும்போது அவசரப்படாதீர்கள். இதற்குத் தாயக்கட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டையும் உருட்டினால் கூட்டுத்தொகை 1 வர, அதாவது தாயம் விழ, நிகழ்தகவு என்ன?

கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை ஏழு விதமாக வரலாம், ஆகவே 1/7 என்று தோன்றும். ஆனால் அந்த ஏழும் சம வாய்ப்புள்ளவை அல்ல. முதல் கட்டைக்கு 4 வழி, அது எப்படி விழுந்தாலும் இரண்டாவதற்கு 4 வழி. ஆக மொத்தம் 16. வரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பைப் பத்தாம் வகுப்பில் கூறுவெளி என்று படித்தோமே, அதுதான் இது. தாயம் விழுவது (0,1), (1,0) என்ற இரண்டு வழியில் மட்டும். விடை 2/16 = 1/8. கூட்டுத்தொகை 3 வர நான்கு வழி: (0,3), (3,0), (1,2), (2,1). அதனால் அதற்கு 1/4. இரண்டிலும் 0 விழுவதைப் பன்னிரண்டு என்போம். அதற்கு ஒரே வழி, 1/16. தாயத்தைவிட அரிது.

சரி, இரண்டு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது தாயம் விழ? 1/8 + 1/8 = 1/4 என்று போடத் தோன்றும். இங்கே விழாததிலிருந்து தொடங்குவது சுலபம். ஒரு தடவை விழாமல் போக 7/8, இரண்டு தடவையும் விழாமல் போக 7/8 × 7/8 = 49/64. ஆக விடை 1 − 49/64 = 15/64. கால் என்பது 16/64. கூடுதலாக வந்த அந்த 1/64, இரண்டு தடவையும் தாயம் விழுவதை இருமுறை எண்ணிவிட்டதால் வந்தது.