சீரம் சிவக்காமல் ரத்தம் எடுப்பது எப்படி?

காரைக்குடியில் லேப் டெக்னீஷியனாக எனக்கு 22 வருடம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே மெஷினைக் காட்ட மாட்டேன். சீரத்தின் நிறத்தைத்தான் காட்டுவேன். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கிற திரவம்தான் சீரம். நல்ல சீரம் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்கும். கவுனி அரிசி களைந்த தண்ணீர் மாதிரிச் சிவந்திருந்தால், சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருந்த ஹீமோகுளோபின் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஹீமோலிசிஸ் என்று பெயர். லேபில் "சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு" என்போம்.

வெறும் நிறம்தானே என்று விட முடியாது. சீரத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். சிவப்பணுவுக்குள் இருப்பதோ அதைப்போல ஏறக்குறைய 30 மடங்கு. எல்டிஹெச், ஏஎஸ்டி என்ற இரண்டு நொதிகளும் அணுவுக்குள் நிறையவே உண்டு. கொஞ்சம் அணுக்கள் உடைந்தாலும் ரிப்போர்ட்டில் இவையெல்லாம் ஏறிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மே மாதம். கானாடுகாத்தானில் ஒரு ஆச்சிக்கு வீட்டிலேயே போய் ரத்தம் எடுத்தேன். எண்பது வயதுக்கு மேல், நூல் மாதிரி நரம்பு. "மெதுவா ஆத்தா" என்றார். வலிக்கக் கூடாதே என்று இருப்பதிலேயே மெல்லிய ஊசியைப் போட்டேன். ரத்தம் வரவில்லை, பிஸ்டனை இழுத்துப் பிடித்தேன். வந்ததை அதே ஊசி வழியாக ட்யூபுக்குள் வேகமாக அடித்தேன். அப்புறம் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு, வெயிலில் சுமார் 15 கிலோமீட்டர் குலுங்கக் குலுங்க வந்து சேர்ந்தேன். பொட்டாசியம் 6.7 என்று வந்தது. அந்த அளவுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வீட்டில் காரை எடுத்து, ஆச்சியை மதுரைக்குக் கூட்டிப்போக ஏற்றியும் விட்டார்கள். சந்தேகப்பட்ட டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னதால் நின்றது. இரண்டாவது சாம்பிளில் 4.4. அன்று அந்த முகப்பில் நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சரி, எப்படி எடுக்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஸ்பிரிட் தடவியதும் 30 விநாடி காத்திருங்கள். ஈரம் காய வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்து அணுக்களை உடைக்கும், ஆச்சிக்கும் எரியும். சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதாதீர்கள். ஊதினால் துடைத்ததே வீண்.

நரம்பு புடைக்கக் கையில் கட்டும் பட்டையை, அதாவது டூர்னிக்கெட்டை, கட்டினால் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். கட்டிவிட்டு அப்புறம் ட்யூபில் பெயர் எழுதுகிற பழக்கம் பலருக்கு உண்டு. முதலில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கட்டுங்கள். "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்வதையும் விடுங்கள். தசை வேலை செய்தாலே பொட்டாசியம் கூடும், அதுவும் சீரம் சிவக்காமலேயே. ஒரு தடவை மூடி வைத்துக்கொண்டால் போதும்.

ஊசி 21 அல்லது 22 கேஜ். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லிதாகும். வயதானவர்களுக்கு 23 கேஜ் பட்டர்ஃபிளை (இறக்கை வைத்த ஊசி) போடலாம். மெல்லிய ஊசி வலிக்காது என்பது பாதி உண்மைதான். துளை சின்னதாகி இழுப்பு பலமானால் அணுக்கள் நெருக்கியடித்துக் கிழிந்து வரும். பிஸ்டனை ரத்தம் வருகிற வேகத்துக்கு இழுக்க வேண்டும், உங்கள் அவசரத்துக்கு அல்ல. சிரிஞ்சில் நுரை வந்தால் இழுப்பு அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் நின்றுவிட்டால் ஊசியை உள்ளே கிண்டாமல் வேறு கைக்கு மாறிவிடலாம்.

சிரிஞ்சிலிருந்து ட்யூபுக்கு மாற்றும்போதுதான் அதிகம் கெடுகிறது. ஊசியைக் கட்டரில் போட்டுவிட்டு, ட்யூபின் மூடியைத் திறந்து, சற்றுச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு வழிய விடுங்கள். நல்லெண்ணெயை அளந்து ஊற்றுகிற மாதிரி. மூடி வழியாகவே குத்தி மாற்றுகிற சாதனம் இருந்தால் ட்யூபுக்குள் இருக்கும் வெற்றிடம் தானாக இழுத்துக்கொள்ளும், கட்டை விரலால் அழுத்தத் தேவையில்லை. ட்யூப்களை நிரப்பும் வரிசை: நீல மூடி முதலில், அப்புறம் சீரத்துக்கான மஞ்சள் அல்லது சிவப்பு, அடுத்தது ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா மூடி ட்யூபுக்குள் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ. அதில் ஒரு சொட்டு மஞ்சள் ட்யூபுக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். சீரம் மட்டும் கடலெண்ணெய் நிறத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சிவப்பாவது கண்ணுக்குத் தெரியும்.

பிறகு கலக்குவது. ஊதாவை 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், மஞ்சளை 5 தடவை, நீலத்தை 3 அல்லது 4. டானிக் பாட்டில் மாதிரிக் குலுக்கினால் முடிந்தது கதை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா கண்ணாடி ட்யூப் கழுவி வைக்கிற காலத்து ஆள். "ட்யூப்ல ஒரு பொட்டுத் தண்ணி இருந்தாலும் எங்கிட்ட கொண்டு வராதே" என்பார். காரணம் இருக்கிறது. சிவப்பணுவைச் சுற்றி 0.9 சதவீத உப்புக் கரைசல் இருந்தால் அது சும்மா இருக்கும். வெறும் தண்ணீர் பட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து, அணு உப்பி வெடித்துவிடும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் சாதாரண அணு 0.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் உடைய ஆரம்பித்து, 0.3 வாக்கில் முழுவதும் உடைந்துவிடும். அதையே ஒரு டெஸ்டாகவும் செய்வோம். வேடிக்கை என்னவென்றால் வெள்ளையணு எண்ணும்போது நாமே அசிட்டிக் அமிலம் கலந்த திரவத்தை ஊற்றிச் சிவப்பணுக்களை உடைப்போம். இப்போதைய கவுண்டர் மெஷினிலும் அதற்கென்று ஒரு லைஸ் பாட்டில் இருக்கிறது.

மஞ்சள் ட்யூபை 30 நிமிடம் நிமிர்த்தி வைத்து உறைய விடுங்கள். உறையாததை சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் போட்டுச் சுழற்றாதீர்கள், உறைந்ததைக் குச்சியால் கிளறாதீர்கள். வெளியூரிலிருந்து கொண்டுவந்தால் தெர்மகோல் பெட்டி நல்லது. ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வையுங்கள், ட்யூபில் நேராகப் பட்டால் அணு உறைந்து உடையும். இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது பெரிய தப்பு. குளிரில் அணு உடையாது, ஆனால் பொட்டாசியத்தை உள்ளே தக்கவைக்கும் பம்ப் நின்றுபோய் அது கசிந்து வெளியே வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிவந்தால் பொட்டாசியம், எல்டிஹெச், ஏஎஸ்டி எதற்கும் எண் போடாதீர்கள். "சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியுள்ளது, மறு சாம்பிள் தேவை" என்று எழுதிவிட்டு, நீங்களே போன் செய்து சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

மறு சாம்பிளும் சிவந்தால்? அப்போது உங்கள் கையைச் சந்தேகப்படுவதை நிறுத்துங்கள். உடம்புக்குள்ளேயே அணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம். தேவகோட்டையில் ஒரு வீட்டில், பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று குதிகாலில் குத்தி எடுத்தேன். சீரம் சிவப்பு. பச்சைக் குழந்தையின் குதிகாலைப் பிழிந்தால் உடையத்தான் செய்யும். நான்தான் அழுத்திவிட்டேன் என்று நினைத்துக் கையில் நரம்பு பார்த்து, ஒரு நிமிடம் பொறுமையாக எடுத்தேன். அதுவும் சிவப்பு. தூக்கி வைத்திருந்த அப்பத்தா, "மூத்திரத் துணியும் காப்பி நிறமா இருக்கே" என்றார். உடனே டாக்டருக்குச் சொன்னேன்.

டாக்டர் முதலில் கேட்டது குழந்தைக்கு எந்தத் துணி போடுகிறீர்கள் என்று. அப்பச்சி காலத்துப் பெட்டகத்தில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்த பழைய பட்டுத் துணியைத் துவைக்காமல் சுற்றியிருந்தார்கள். அந்த உருண்டையில் இருப்பது நாப்தலின். ஜி-6-பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாடையும் தொடுதலுமே சிவப்பணுவை உடைக்கப் போதும். அன்று எடுத்த ஜி-6-பிடி டெஸ்ட் சரியாக இருப்பதாகத்தான் வந்தது. நொதி குறைந்த பழைய அணுக்கள் ஏற்கெனவே உடைந்துபோய், மிஞ்சிய இளம் அணுக்களைத்தானே அளந்தோம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார், அப்போது குறைவு என்று வந்தது. குழந்தைக்குத் தரக்கூடாத மருந்துகளின் பட்டியலை அப்பத்தா பெட்டகத்தின் உள் கதவில் ஒட்டியிருக்கிறார். உருண்டைக்குப் பதில் இப்போது அதில் காய்ந்த நொச்சி இலை கிடக்கிறது.