இங்கிலீஷ் உச்சரிப்புக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்

லீவுக்கு காரைக்குடி வந்த பிள்ளைகளோட வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, உக்காந்து நாங்க விளையாடுறது இது, நீங்களும் செஞ்சு பாருங்க. பழைய பஸ் டிக்கெட்ட உதட்டுக்கு முன்னால ரெண்டு விரக்கடை தள்ளி தொங்கவிட்டு புடிச்சுக்கிட்டு குண்டூசிய இங்கிலீஷ்ல 'பின்'னு சொல்லணும், டிக்கெட் துள்ளணும், துள்ளலன்னா நம்ம தமிழ் 'ப' தான் வந்திருக்குன்னு அர்த்தம், தமிழ்ல அந்த எழுத்துக்கு நாம அவ்வளவு காத்து தள்ளுறதில்ல. அடுத்து 'ஸ்பின்', இதுல 'ஸ்'ஸுக்குப் பின்னால வர்ற 'ப'வுக்கு இங்கிலீஷ்லயும் அவ்வளவு காத்து தள்ளுறதில்ல, அதனால டிக்கெட் துள்ளவே கூடாது! 'பார்க்', 'ஸ்பார்க்' இப்டி சோடி சோடியா மாத்தி விடுங்க. சரியா சொன்னா எங்க ஊர் பலகாரம் சீப்பு சீடை ஒண்ணு பரிசு. யாரையும் கிண்டல் பண்ண மட்டும் விடாதீங்க, ஒருக்கா சிரிச்சிட்டா அந்தப் பிள்ளை அப்புறம் வாயே தொறக்காது. 'இஸ்பின்'னு ஆரம்பிச்ச எங்க ஆச்சி மூணாம் நாளே ரெண்டு சீடை ஜெயிச்சுட்டாக.