சிறு பட்ஜெட் திகில் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் எட்மன்டன் நகரில், தான் சிறுவயதில் வளர்ந்த வீட்டுக்குள்ளேயே கைல் எட்வர்ட் பால் ஒரு திகில் படம் எடுத்தார். 'ஸ்கினமரின்க்' என்ற அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 15,000 டாலர். 2023 ஜனவரியில் அது அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து 20 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. பார்த்தவர்களில் ஒரு பாதி இரவில் விளக்கை அணைக்கவே பயமாக இருந்தது என்றது. மறுபாதி, சுவரையும் கூரையையும் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டது.

ரசனை வேறுபாடு எந்தப் படத்துக்கும் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய பிளவுக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெரிய படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தை அப்படியே சின்னப் படங்களிடம் கொண்டுபோகிறோம். நல்ல படங்கள் பலவற்றை அதனாலேயே இழக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பழக்கங்களில் சிலவற்றைப் பார்ப்போம்.

ஒரே ஒரு ரிலீஸ் தேதி இருக்கும் என்று நினைப்பது

ஸ்டூடியோ படம் ஒரு வெள்ளிக்கிழமை உலகம் முழுக்க வருகிறது. சிறு திகில் படத்துக்கு அந்த வசதி கிடையாது. அது முதலில் விழாக்களுக்குப் போகும்: மாண்ட்ரியலின் ஃபான்டேசியா, ஸ்பெயினின் சிட்ஜஸ், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடக்கும் ஃபன்டாஸ்டிக் ஃபெஸ்ட், டொரன்டோ விழாவின் மிட்நைட் மேட்னஸ் பிரிவு. அங்கே யாராவது விநியோகஸ்தர் பார்த்து வாங்கினால்தான் அடுத்த கட்டம். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 2007இல் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் விழாவில் திரையிடப்பட்டது. பொதுமக்கள் பார்த்தது 2009இல். 'டெரிஃபையர்' முதல் பாகம் 2016இல் விழாவுக்கு வந்து 2018இல்தான் ரிலீஸ் ஆனது.

ஆகவே "இந்த வருடம் நல்ல திகில் படம் ஒன்றுகூட வரவில்லை" என்று முடிவு கட்டும் முன், போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் விழாக்களில் பேசப்பட்ட படங்களின் பெயர்களை எடுத்துப் பாருங்கள். அவை இப்போதுதான் ஏதோ ஒரு ஓடிடியில் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். ஒரே தலைப்பில் மூன்று நான்கு படங்கள் இருப்பது இந்த வகையில் சகஜம் என்பதால், இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுவது நல்லது. நாட்டுக்கு நாடு உரிமை மாறுவதும் உண்டு. ஜஸ்ட்வாட்ச் போன்ற தளத்தில் நீங்கள் இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால், இங்கே எதில் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

விழாவில் பார்த்தவர் எழுதிய விமர்சனம் வேறொரு வடிவத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். பாராநார்மல் ஆக்டிவிட்டியின் முடிவு, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சொன்ன யோசனையின்படி தியேட்டர் வெளியீட்டுக்காக மாற்றப்பட்டது. விழாவில் பார்த்தவருக்கும் தியேட்டரில் பார்த்தவருக்கும் படம் வேறு வேறு இடத்தில் முடிந்தது.

முதல் வாரத்தோடு கணக்கை முடிப்பது

ஜப்பானில் ஷினிச்சிரோ உவேதா, ஒரு நடிப்புப் பயிற்சிப் பள்ளியின் பட்டறைத் திட்டமாக, அதிகம் அறியப்படாத நடிகர்களை வைத்து 'ஒன் கட் ஆஃப் தி டெட்' எடுத்தார். செலவு சுமார் 30 லட்சம் யென். 2017 நவம்பரில் டோக்கியோவில் சில நாட்கள் மட்டும் ஓடியது. நம்மூர் வழக்கப்படி அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். 2018 ஜூனில் இரண்டே தியேட்டர்களில் மறுபடியும் வந்தது. பார்த்தவர்கள் நண்பர்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள், அரங்குகள் நூற்றுக்கணக்கில் கூடின, வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. 2018இல் வந்த 'தும்பாட்' 2024 செப்டம்பரில் மறுவெளியீடு ஆனபோது முதல் சுற்றைவிட அதிகமாக வசூலித்தது. அது சின்னப் பட்ஜெட் படம் இல்லைதான். ஆனாலும் திகில் படத்தின் ஆயுள் முதல் வார வசூலில் தீர்மானமாவதில்லை என்பதற்கு நம் கண் முன்னே நடந்த உதாரணம் அது.

இந்த ஜப்பானியப் படத்தில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. படம் 37 நிமிடம் வெட்டில்லாத ஒரே ஷாட்டில் தொடங்குகிறது. அந்த 37 நிமிடமும் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். நடிகர்கள் தேவையில்லாமல் தயங்குவார்கள், வசனம் இழுக்கும். "லோ பட்ஜெட் படம் இப்படித்தான்" என்று அங்கேயே நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். தயவுசெய்து நிறுத்தாமல் பாருங்கள், இன்னொருவருக்குப் பரிந்துரைக்கும்போது நீங்களும் அதற்கு மேல் சொல்லாதீர்கள்.

பட்ஜெட் எண்ணைப் பார்த்து எடை போடுவது

இது இரண்டு பக்கமும் நடக்கிறது. குறைந்த செலவு என்றாலே தரக்குறைவு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். குறைந்த செலவில் எடுத்ததாலேயே பாராட்ட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே படத்தைப் பார்க்காமல் பில்லைப் பார்ப்பதுதான்.

போஸ்டரில் போடும் அந்தச் சின்ன எண்ணுக்குள் என்ன அடங்குகிறது, என்ன அடங்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அது கேமரா ஓடிய நாட்களின் செலவு. இயக்குநரின் சம்பளம், நண்பர்கள் இலவசமாகச் செய்த எடிட்டிங், சொந்த வீட்டின் வாடகை எதுவும் அதில் இருக்காது. 1999இல் சன்டான்ஸ் விழாவில் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தை ஆர்ட்டிசன் நிறுவனம் 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்தது. உலக வசூல் சுமார் 24.8 கோடி டாலர். "சில ஆயிரம் டாலர் போட்டு 24 கோடி எடுத்தார்கள்" என்று இன்றும் சொல்லப்படுகிறது. நடுவில் இருந்த அந்தப் பெரிய விளம்பரச் செலவு கதையிலிருந்து காணாமல் போய்விட்டது. இதை நம்பிக் கடன் வாங்கிப் படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பணத்துக்குப் பதிலாக இவர்கள் செலவழிப்பது நேரத்தை. 2025இல் வந்த 'குட் பாய்' ஒரு நாயின் பார்வையில் நகரும் பேய்ப் படம். பென் லியன்பெர்க் தன் சொந்த நாய் இன்டியை வைத்து மூன்று ஆண்டுகளில் 400 நாட்களுக்கு மேல் படமாக்கினார். நாய்க்கு நடிக்கிறோம் என்பதே தெரியாது. அது தானாகத் திரும்பும் தருணத்துக்காகக் காத்திருந்து எடுத்த படம் அது. எந்த ஸ்டூடியோவும் ஒரு நாய்க்காக அத்தனை நாள் ஷெட்யூல் போடாது.

இலவசமாகக் கிடைப்பதை ஒதுக்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். கரி பார்க்கர் 800 டாலரில் எடுத்த 'மில்க் அன்ட் சீரியல்' 2024இல் நேராக யூடியூபில் வந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவருடைய அடுத்த படம் 'அப்செஷன்' 2025 டொரன்டோ விழாவில் திரையிடப்பட்டு, ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த நல்ல திகில் இயக்குநரை ஓடிடி முகப்பில் தேடுகிறோம். அவர் அப்போது யூடியூபில் குறும்படம் போட்டுக்கொண்டிருப்பார்.

ஃபிளாஷ்பேக் எங்கே என்று காத்திருப்பது

இது தமிழ் ரசிகர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. 'சந்திரமுகி', 'காஞ்சனா' வரிசையில் வளர்ந்த நமக்குப் பேய்ப் படம் என்றால் ஓர் ஒழுங்கு உண்டு: பேய் வரும், கொஞ்சம் சிரிப்பு வரும், இடைவேளைக்குப் பிறகு அது யார், அதற்கு யார் என்ன அநியாயம் செய்தார்கள் என்று தெரியவரும், நியாயம் கிடைக்கும். அது நல்ல ஒழுங்குதான். அநியாயமாகச் செத்தவருக்கு நீதி வேண்டும் என்ற ஆசை நம் நாட்டார் தெய்வக் கதைகளிலிருந்தே வருகிறது.

ஆனால் ஸ்கினமரின்க் மாதிரியான படம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே போவதில்லை. இரவில் எழுந்த இரண்டு குழந்தைகளுக்கு அப்பாவைக் காணோம், வீட்டின் கதவுகளையும் ஜன்னல்களையும் காணோம். ஏன் என்று படம் விளக்காது. அந்த இயக்குநர் அதற்கு முன் யூடியூபில், மக்கள் தங்களுக்கு வந்த கெட்ட கனவுகளை எழுதி அனுப்ப, அவற்றைக் குறும்படமாக எடுத்துக்கொண்டிருந்தவர். கனவுக்குக் காரணம் கேட்காமல் பார்ப்பது போலப் பார்த்தால்தான் அது வேலை செய்யும். "எனக்குக் கதை புரிந்தாக வேண்டும்" என்கிற மனநிலையில் இருக்கும் நாளில் இதைப் போடாதீர்கள், வேறு ஒன்றைப் போடுங்கள்.

வெளிச்சத்தில், போனில், பாதிக் கவனத்தில்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பணமில்லாத திகில் இயக்குநரிடம் இருக்கும் மலிவான, வலுவான கருவிகள் இரண்டு: இருட்டும் ஒலியும். அரக்கனைக் காட்டக் காசு வேண்டும். அரக்கன் இருக்கலாம் என்று தோன்றும் மூலையைக் காட்ட ஒரு விளக்கை அணைத்தால் போதும். அந்த மூலையைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடி மாதிரி முகம் தெரியும் போன் திரையில் பார்த்தால், படத்தில் பாதி உங்களுக்கு வந்து சேரவே இல்லை.

அறையை இருட்டாக்குங்கள். டிவியில் 'மோஷன் ஸ்மூத்திங்' என்றோ அதுபோன்ற வேறு பெயரிலோ இருக்கும் வசதியை அணையுங்கள். அது படத்தை சீரியல் மாதிரி வழவழப்பாக்கிவிடும். டிவியின் சின்ன ஸ்பீக்கரைவிட சாதாரண ஹெட்போன் நல்லது. சப்டைட்டிலை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். முணுமுணுப்பில்தான் பல படங்களின் உயிர் இருக்கிறது.

அப்புறம் இணைய வேகம். வீடியோவைச் சுருக்கும் தொழில்நுட்பம், அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றுபோல இருக்கும் என்ற கணிப்பில் இயங்குகிறது. ஸ்கினமரின்க் முழுக்கப் பழைய ஃபிலிம் போன்ற புள்ளிகள் மிதக்கின்றன. அவை ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகின்றன. குறைந்த வேகத்தில் ஸ்ட்ரீம் செய்தால் அந்தப் புள்ளிகள் கட்டம் கட்டமாகக் குழம்பிவிடும். இருட்டுக்குள் ஏதோ அசைந்ததா இல்லையா என்ற சந்தேகமே படத்தின் பயம் என்னும்போது, அதைக் கட்டங்கள் தின்றுவிடுகின்றன. தரத்தை உயர்த்தி வைத்துப் பாருங்கள், முடிந்தால் தரவிறக்கி.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 2020 ஊரடங்கின்போது ராப் சாவேஜ் எடுத்த 'ஹோஸ்ட்' முழுக்க ஒரு ஜூம் அழைப்புக்குள்ளேயே நடக்கிறது. நீளம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதை இருட்டில் லேப்டாப்பில் பார்ப்பதுதான் சரி. திகில் படங்களுக்குப் புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் சொல்லும் பெயரும் அதுவே.

ரத்தத்தின் அளவை வைத்துத் தேர்ந்தெடுப்பது

2022இல் 'டெரிஃபையர் 2' ஓடிய தியேட்டர்களில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள் என்று செய்திகள் பறந்தன. சுமார் 2.5 லட்சம் டாலரில் எடுத்த படம் ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு வசூலித்ததில் அந்தச் செய்திகளுக்கும் பங்குண்டு. விளைவாக, ரத்தம் பிடிக்காதவர்கள் சின்னத் திகில் படங்கள் எல்லாமே இப்படித்தான் என்று ஒதுங்கினார்கள். தைரியத்தைச் சோதிக்க விரும்பியவர்கள் மட்டும் உள்ளே போனார்கள். மேலே சொன்ன படங்களில் பலவற்றில் ரத்தம் மிகக் குறைவு. டெரிஃபையரைப் பார்ப்பதானால், ஆர்ட் என்ற கொலைகாரக் கோமாளியின் ஒப்பனையையும் சிதைவுக் காட்சிகளையும் கையாலேயே உருவாக்கும் இயக்குநர் டேமியன் லியோனின் உழைப்புக்காகப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

வந்த அன்றே 'கல்ட்' என்பது

கல்ட் படம் என்றால், சிறிய கூட்டமாக இருந்தாலும் ரசிகர்கள் விடாமல் திரும்பத் திரும்பக் கொண்டாடும் படம். இப்போது டிரெய்லரிலேயே 'கல்ட் கிளாசிக்' என்று போடுகிறார்கள். யாரும் கல்ட் படத்தை ரிலீஸ் செய்ய முடியாது. 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975இல் வந்தபோது அமெரிக்காவில் சரியாகப் போகவில்லை. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கிய பிறகு, திரும்பத் திரும்ப வந்த ரசிகர்கள்தான் அதைக் கல்ட் ஆக்கினார்கள்.

கல்ட் சினிமாவில் 'புது ரிலீஸ்' என்று வருவதில் பெரும்பகுதி, புதிதாகச் சீரமைத்த பழைய படங்கள். இதைக் கவனிக்காமல் கிடைத்த பிரதியைப் பார்ப்பது வருத்தம் தரும் தவறு. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் விநியோகஸ்தர் மாற்றியபோது, திரையில் இருக்க வேண்டிய காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் நகல் போட்டார்கள். இணையத்தில் இன்றும் சாம்பல் நிறத்தில் மங்கிய பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. 2016இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் சீரமைத்த பிரதியைப் பார்த்தால், இது வேறு படமோ என்றுகூடத் தோன்றும்.

ப்ளூரே வட்டு வாங்குகிறவர்கள் பிராந்தியக் குறியீட்டை, அதாவது எந்தப் பகுதியின் பிளேயரில் அது ஓடும் என்பதைக் காட்டும் எழுத்தை, பார்க்க மறக்காதீர்கள். ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. இங்கே வாங்கிய பிளேயரில் அங்கிருந்து வரும் பூட்டிய வட்டு ஓடாது. 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண ப்ளூரேவுக்கு இருக்கலாம், கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.