பெரிய தெர்மாகோல் உருவங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் ஆளுயர ஆமை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் ஓட்டின் உட்புறத்தைக் குடைவதற்காக ரம்பத்தை உள்ளே விட்டதும், வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி பசை கசிந்தது. ஒட்டி மூன்று நாள் ஆகிறது என்றார்கள். பல வருடங்களுக்கு முன் இதே காட்சியை என் பட்டறையில் பார்த்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளேடு மழுங்கினால் மாற்ற வேண்டும், தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்டை நேரடியாக அடித்தால் கரைந்துவிடும் என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாரும் தெரிந்துகொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெள்ளைப் பசையை நம்பிப் பலகைகளை அடுக்குவது

பெரிய உருவத்துக்கு ஒரே கட்டி கிடைக்காது. பலகைகளை அடுக்கி ஒட்டித்தான் செதுக்க வேண்டும். கடல் அலங்காரம் ஒன்றுக்காக எட்டடித் திமிங்கிலம் செய்தபோது, ஆறு பலகைகளுக்கும் மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசினேன். நிறையப் பூசினால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஓரத்தைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. சரி, காய்ந்துவிட்டது என்று செதுக்கத் தொடங்கினேன். நான்கு நாள் வேலை. வண்டியில் ஏற்றும்போது மேலே இருந்த இரண்டு பலகைகளும் முதுகோடு சேர்ந்து அப்படியே வழுக்கிக்கொண்டு போயின. உள்ளே பார்த்தால், ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் காய்ந்த பசை. அதற்குள்ளே எல்லாம் அன்று ஊற்றியது போல ஈரம்.

காரணம் எளிது. வெள்ளைப் பசை அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். மரம் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தெர்மாகோல் உறிஞ்சாது. அது நுண்ணிய மூடிய குமிழ்களால் ஆனது, அதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான். இரண்டு அகலமான பலகைகளுக்கு நடுவே சிக்கிய தண்ணீருக்கு ஓரம் ஒன்றுதான் வழி. அந்த ஓரம் முதலில் காய்ந்து வழியை அடைத்துவிடும். அப்புறம் எத்தனை நாள் காத்திருந்தாலும் நடுப்பகுதி ஈரமாகவே கிடக்கும். தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, ஓரத்திலாவது காய்ந்ததே என்றால், அதுவும் தொல்லைதான். காய்ந்த பசை தெர்மாகோலைவிடப் பல மடங்கு கடினம். உப்புத்தாள் போட்டால் இருபக்கமும் தெர்மாகோல் சட்டென்று தேய்ந்துவிடும், பசைக்கோடு மட்டும் வரப்பு மாதிரி நிற்கும். மேலே எவ்வளவு பட்டி பார்த்தாலும், நிகழ்ச்சி விளக்கு பக்கவாட்டிலிருந்து விழும்போது அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். தெர்மாகோலை உருக்கி அறுக்கிற சூட்டுக் கம்பியும் அந்தக் கோட்டில் நின்றுவிடும். நின்ற இடத்தில் கம்பியை அழுத்தினால் சுற்றியுள்ள தெர்மாகோல் உருகிக் குழி விழும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஈரத்தை வாங்கி இறுகுகிற பாலியூரித்தேன் பசையை எடுத்துக்கொள்கிறேன். பலகையில் தண்ணீரைப் பனி போலத் தெளித்து, பசையை முழுக்கப் பூசாமல் கோடுகோடாக இடுகிறேன். இந்தப் பசை பொங்கும். மேலே பாரம் வைக்காவிட்டால் பலகையையே தூக்கிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், முதலில் பலகையின் மேல் உருவத்தின் எல்லையை வரைந்துகொண்டு, அதிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளித்தான் பசை இட வேண்டும். கத்தியோ கம்பியோ போகிற இடத்தில் பசை இருக்கவே கூடாது. பலகை நகராமல் இருக்கக் குத்துகிற மூங்கில் குச்சிகளையும் அந்த எல்லைக்குள்ளேயே வையுங்கள். முகத்துக்கு நடுவே மூட்டு வராதபடி பலகையைத் திருப்பி அடுக்குங்கள். ஆமை செய்தவர்களிடம் இதைச் சொல்லி முடிக்கும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. நான்கு நாள் உழைப்பு வழுக்கி விழுவதைப் பார்த்தவனுக்கு அது இன்னமும் ஆறவில்லை.

மேல்பூச்சில் ஊசித்துளை

தெர்மாகோலைக் காக்க மேலே பூச்சு போட்டாயிற்று, இனி எந்தப் பெயிண்டும் அடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஒரே ஒரு துளை போதும். தின்னர் அதன் வழியே இறங்கி உள்ளே முஷ்டி அளவுக்குக் குடைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, யாராவது கை வைக்கும்போதுதான் உள்வாங்கும். கடைசிவரை தண்ணீரில் கரைகிற பெயிண்டோடு இருப்பதே நல்லது. மேல்பூச்சுக்கு பாலியெஸ்டர் ரெசினை எடுத்தால், அதில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது, அது தெர்மாகோலைத் தின்றுவிடும். எப்பாக்ஸி ரெசின் கரைக்காது. ஆனால் தடிமனாக ஊற்றினால் இறுகும்போது வருகிற சூட்டிலேயே தெர்மாகோல் உருகும். மெல்லிசாக, இரண்டு மூன்று முறை பூசுங்கள்.

கைக்கெட்டும் தூரத்திலிருந்தே பார்ப்பது

மீன் செதில் ஒவ்வொன்றையும் நுணுக்கமாகக் கீறிக்கொண்டே இருப்பார்கள். இருபதடி தள்ளி நின்றால் அது வெறும் சொரசொரப்பு. தூரத்தில் பேசுவது நிழல்தான். கண்குழி, தாடைக்கு அடி, துடுப்பு உடம்போடு சேருமிடம், இவற்றைத் துணிந்து ஆழமாக வெட்டுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து பட்டறையின் மறுமுனைக்குப் போய்ப் பாருங்கள்.

வாசல்

உருவம் வெளியே போக வேண்டிய வாசலை அளந்துவிட்டுப் பலகையைத் தொடுங்கள்.

கனமில்லை, தானாக நிற்கும் என்பது

கனமில்லாததுதான் ஆபத்து. ஒரு கன மீட்டருக்கு 15 கிலோ எடையுள்ள தெர்மாகோலில் செய்த ஆளுயர உருவம் காற்றில் பாய்மரம் போலத்தான். அகலமான பிளைவுட் அடித்தளம், அதிலிருந்து உருவத்துக்குள் ஏறுகிற குழாய், அடியில் மணல் மூட்டை. இந்த மூன்றையும் செதுக்குவதற்கு முன்பே திட்டமிட வேண்டும். முடிந்த உருவத்தில் பிறகு குழாயைச் செருகினால் பிளந்துவிடும்.

மஞ்சள் ஃபோமில் சூட்டுக் கம்பி

கூடவே கூடாது. பாலியூரித்தேன் ஃபோம் சூட்டில் விடுகிற புகையில் ஐசோசயனேட், ஹைட்ரஜன் சயனைடு ஆகிய நச்சுகள் இருக்கும். அதற்கு ரம்பமும் கத்தியும்தான். தெர்மாகோலை அறுக்கும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும். கம்பி சிவந்தால் சூடு அதிகம், குறையுங்கள்.

தீ

சாதாரணத் தெர்மாகோல் சீக்கிரம் பற்றும், உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். தீத்தடுப்பு சேர்த்த ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். உருவத்தை வைத்ததும் நான் கிளம்புவதில்லை. விளக்குக்காரர்கள் எல்லா விளக்கையும் போட்டபின், ஒவ்வொன்றின் எதிரிலும் உருவத்தின் மேல் கை வைத்து, சூடு படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.