கார்ட் மாறினால் போர்ட் பெயரும் மாறுமா? ஸ்டோரேஜ் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டோரேஜ் அரேயில், அதாவது பல சர்வர்களுக்கும் தரவைச் சேமித்துக் கொடுக்கும் பெட்டியில், அதை இயக்கும் கன்ட்ரோலர் கார்ட் ஒன்று பழுதாகிவிட்டது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் உதிரிப்பாகத்தை ஏற்றிவிட்டார்கள். விடிய யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பெட்டியை இறக்கி சர்வர் அறைக்குக் கொண்டுவந்தாயிற்று. பழையதைக் கழற்றிப் புதியதைச் செருக அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேர வேலை பொழுதுபடும் வரைக்கும் இழுபட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கார்ட் மாறினால் போர்ட்டின் பெயரும் மாறிவிடும் என்ற நினைப்பு.

சர்வர்களையும் அரேக்களையும் இணைக்கும் ஃபைபர் சேனல் வலையமைப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 64 பிட் நீளமான ஒரு பெயர் உண்டு. எழுதினால் 16 ஹெக்ஸ் இலக்கங்கள் வரும். வேர்ல்ட் வைட் போர்ட் நேம் என்பார்கள். இங்கே போர்ட் பெயர் என்றே சொல்கிறேன். எந்த சர்வர் எந்த அரேயைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் சோனிங் செய்வதும், எந்த சர்வருக்கு எந்த லன், அதாவது அரேயின் எந்தச் சேமிப்புப் பகுதி, என்று அரேயில் மாஸ்கிங் செய்வதும் பெரும்பாலும் இந்தப் பெயரை வைத்துத்தான்.

இந்தப் பெயர் சர்வர் பக்கத்தில் ஒரு மாதிரி, அரே பக்கத்தில் வேறு மாதிரி. இந்த வலையமைப்போடு இணைக்க சர்வரில் செருகும் எச்பிஏ கார்டுக்குப் பெயர் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டு வருகிறது. அது அடையாள அட்டை மாதிரி, ஆள் எங்கே போனாலும் கூடவே போகும். அரே போர்ட்டின் பெயரோ வீட்டு இலக்கம் மாதிரி. கிடுகு வேலியைப் பிரித்து மதில் கட்டினாலும், பழைய படலையைக் கழற்றி இரும்பு கேற் போட்டாலும் வீட்டு இலக்கம் மாறாது. அது காணிக்கு உரியது. பெரும்பாலான அரேக்களில் போர்ட் பெயர், சேஸி எனப்படும் வெளிக்கூட்டின் அடையாளம், கன்ட்ரோலர் இருக்கும் பக்கம், ஸ்லாட், போர்ட் எண் ஆகியவற்றிலிருந்து உருவாக்கப்படுகிறது. செருகிய கார்டுக்கு அதில் பங்கில்லை. டெல் இஎம்சியின் விஎன்எக்ஸ் அரேயில் 50:06:01:60 என்று தொடங்கினால் அது ஏ பக்கத்துக் கன்ட்ரோலரின் பூச்சிய போர்ட். 50:06:01:68 என்றால் பி பக்கத்தின் பூச்சிய போர்ட். எச்பிஇயின் த்ரீபாரில் 20:11 என்ற தொடக்கத்தைப் பார்த்தாலே, பூச்சிய முனை (அங்கே கன்ட்ரோலரை முனை என்பார்கள்), ஒன்றாம் ஸ்லாட், ஒன்றாம் போர்ட் என்று வாசித்துவிடலாம்.

சரி, தவறுகளுக்கு வருவோம். எனக்கு அதிக நேரத்தைத் தின்றது முதலாவதுதான்.

கன்ட்ரோலர் வருவதற்கு முதலே, “இனிமேல் இது தேவையில்லை” என்று பழைய போர்ட் பெயரை சோனிலிருந்து அழித்துவிடுவது. நான் போன ஓரிடத்தில் அப்படித்தான் நடந்தது. புதிய கன்ட்ரோலரைச் செருகினோம், விளக்குகள் எல்லாம் பச்சை. சர்வரில் மட்டும் அரேக்கான பாதை வரவில்லை. உதவிக்கு நின்ற தம்பி ஸ்விட்சில் உள்நுழைந்த பெயர்களைக் காட்டும் நேம் சர்வர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணை, பழைய பேரே திரும்ப வந்து நிக்குது. பார்ட் மாத்தேல்லையோ?” மாற்றியது உண்மை, பெயர் திரும்பி வந்ததும் சரி. அந்தப் பெயருக்கு உரிய வரிதான் சோனில் இல்லை. அழித்ததைத் திரும்ப எழுதி, கான்ஃபிகைச் சேமித்து, இயக்கிவிட்ட கையோடு பாதைகள் வந்தன. ஆனால் எதை அழித்தார்கள் என்று கண்டுபிடிக்க மட்டும் இரண்டு மணி நேரம் போயிற்று, எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. கன்ட்ரோலர் மாற்றத்துக்கு சோனில் கை வைக்கவே வேண்டாம். செருகிய பிறகு ஸ்விட்சில் எந்தப் பெயர் உள்நுழைகிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் மட்டும் திருத்துங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. அரேயில் மாறாததைப் பார்த்துப் பழகியவர், சர்வரில் எச்பிஏவை மாற்றிவிட்டு அதுவும் தானாக வரும் என்று காத்திருப்பார். வராது. புதிய கார்டின் பெயரை சோனிலும் சேர்க்க வேண்டும், அரேயின் ஹோஸ்ட் பதிவிலும் சேர்க்க வேண்டும். சான் எனப்படும் இந்த வலையமைப்பு வழியாகவே பூட் ஆகும் சர்வர் என்றால், கார்டின் பயாஸில் அரே போர்ட்டின் பெயரையும் லன் எண்ணையும் மறுபடி கொடுக்க வேண்டும். சிஸ்கோ யூசிஎஸ் மாதிரி, சர்வருக்குப் பெயரை மென்பொருளில் எழுதி வைத்த ப்ரொஃபைலிலிருந்து கொடுக்கும் அமைப்புகளில் மட்டும் இந்த வேலை இல்லை. பிளேட் சர்வரை மாற்றினாலும் பெயர் ப்ரொஃபைலோடு நிற்கும்.

ஸ்டிக்கரை நம்புவது இன்னொன்று. உதிரிப்பாகத்தின் ஓரத்தில் வெள்ளைக் காகிதத்தில் பார்கோடும் ஒரு நீண்ட எண்ணும் ஒட்டியிருக்கும். அதை போனில் படம் பிடித்து, அந்த எண்ணிலேயே சோன் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அது பாகத்தின் தொடர் எண்ணாக இருக்கலாம். சேஸிக்குள் போன பிறகு அந்தப் போர்ட் என்ன பெயரில் பேசுகிறது என்பதை ஸ்விட்ச்தான் சொல்லும்: புரோகேட் என்றால் நேம் சர்வர் பட்டியல், சிஸ்கோ எம்டிஎஸ் என்றால் ஃப்ளோகி டேட்டாபேஸ்.

நெட்ஆப் அரே வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே ஒரு போர்ட்டில் இரண்டு விதப் பெயர்கள் தெரியும். ஒன்று கார்டின் பெயர், மற்றது லிஃப் எனப்படும் மெய்நிகர் இடைமுகத்தின் பெயர். சோனில் போக வேண்டியது லிஃபின் பெயர். கார்டின் பெயரைப் போட்டால் லன் தெரியாது.

அப்புறம் கேபிள். கேபிளைச் செருகும் எஸ்எஃப்பி என்ற சிறு தொகுதியையோ கேபிளையோ மாற்றுவதால் போர்ட் பெயர் மாறுவதில்லை, அதில் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது கேபிள் மாறிச் செருகப்படுவதற்குத்தான். இரண்டு ஃபேப்ரிக், அதாவது தனித்தனி ஸ்விட்ச் வலையமைப்புகள், இருக்கும் இடத்தில், ஏ ஃபேப்ரிக்குக்குப் போக வேண்டிய கேபிள் பி ஃபேப்ரிக்குக்குப் போய்விட்டால், பெயர் சரியாகத்தான் இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் அந்த ஃபேப்ரிக்கின் சோனில் அந்தப் பெயர் இருக்காது. கழற்ற முதல் ஒவ்வொரு கேபிளிலும் ஸ்லாட், போர்ட் எண்ணை எழுதி ஒட்டுங்கள். கார்டையும் அதே ஸ்லாட்டில்தான் போட வேண்டும். பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் பெயர் வேறு. சோனிங் போர்ட் பெயரை வைத்து இல்லாமல் ஸ்விட்சின் போர்ட் எண்ணை வைத்துச் செய்யப்பட்டிருந்தால் கதையே வேறு: கேபிள் ஸ்விட்சின் அதே துளைக்குத் திரும்ப வர வேண்டும்.

கன்ட்ரோலரோடு நில்லாமல் சேஸியையோ அதனுள் கன்ட்ரோலர்கள் செருகப்படும் நடுப்பலகையான மிட்பிளேனையோ மாற்ற நேர்ந்தால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். வீட்டு இலக்கம் எழுதியிருக்கும் இடமே அதுதான். ஐபிஎம் ஸ்டோர்வைஸில் கன்ட்ரோலர்களின் பெயர் மிட்பிளேனில் சேமிக்கப்படுகிறது. புதிய மிட்பிளேனுக்கு அந்த அடையாளத்தைத் திரும்ப எழுதும் படிகளைத் தயாரிப்பாளரின் ஆவணத்தில் உள்ள வரிசையிலேயே செய்ய வேண்டும். மிட்பிளேனையும் இரண்டு கன்ட்ரோலர்களையும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. அதே ஐபிஎம்மின் எஸ்விசி என்ற சேமிப்பு அமைப்பில், புதிய முனைக்குப் பழைய முனையின் பெயரை நாமே கொடுக்கலாம். கொடுத்த பிறகு பழைய முனையைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று அதே ஃபேப்ரிக்கில் திரும்பச் செருகினால், ஒரே பெயரில் இரண்டு பேர் நிற்பார்கள். அதனால் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம்.

வேலை முடிந்ததும் அரேயின் திரையில் பச்சையைப் பார்த்துவிட்டு ராக்கைப் பூட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சர்வரிலும் பாதைகளை எண்ணுங்கள். எட்டு இருந்த இடத்தில் நான்கு இருந்தாலும் சர்வர் ஓடும், எவரும் முறையிட மாட்டார்கள். மற்றக் கன்ட்ரோலர் பழுதாகும் நாளில்தான் தெரியவரும்.

போர்ட் பெயர்ப் பட்டியலை வேலைக்கு முதலே எடுத்து வைக்கச் சொன்னால், பலர் எடுத்து வைப்பது அந்த அரேயிலேயே ஓடும் ஒரு மெய்நிகர் சர்வரில். அரே நின்றால் பட்டியலும் நிற்கும். நான் ஒரு தாளில் அச்சிட்டு ராக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன்; கரண்ட் போன நேரத்திலும் டோர்ச் அடித்து வாசிக்கலாம்.